கோழி மிரளும்

எனக்குப் பயம் என்பதே கிடையாது என்று வெண்ணந்தூர் டீக்கடையில் நான் அடிக்காத சவடால் இல்லை. அன்றைக்கு மத்தியானம் எங்கள் கோழிப்பண்ணைச் செட்டுக்குள் நான் உறைந்து நின்றதை யாராவது பார்த்திருந்தால், அந்தக் கடைப்பக்கம் நான் தலைகாட்டியிருக்க முடியாது.

கறிக்கோழி மிரண்டால் ஒரு மூலைக்கு ஓடி, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் குமியும். அடியில் மாட்டியதெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அது மிரளப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை, பழகாத நிறத்தில் ஒரு துணி போதும். அதனால்தான் நாங்கள் குஞ்சு இறங்கிய நாளிலிருந்து விற்கிற நாள்வரை செட்டுக்குள் நிறம் மாற்றாமல் ஒரே மாதிரிதான் உடுத்துவோம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே என் மனைவி தனப்பிரியாதான். பண்ணையை நடத்தியது அவள், நான் தீவன மூட்டை தூக்கியதோடு சரி. தை மாதம் அவள் தம்பி கல்யாணத்துக்குப் பரமத்தி வேலூர் போய்விட்டு வந்தவள், கோழிகளைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளாமல், கட்டியிருந்த அரக்குப் பட்டோடு நேராகச் செட்டுக்குள் நுழைந்துவிட்டாள். விற்கிற பருவத்துக் கோழிகள் அத்தனையும் அலறிக்கொண்டு ஓடின. பிரித்துவிட இவள் ஓட ஓட, இவளைப் பார்த்தே இன்னும் நெருக்கின. பாதிச் செட்டு செத்துவிட்டது. குழி வெட்டிப் புதைத்தோம்.

"நானே கொன்னுபோட்டனுங்க" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அழவில்லை. அதற்கப்புறம் செட்டுப் பக்கமே வரவில்லை. ஆறுதல் சொல்லப் போனால் எரிந்து விழுந்தாள். புதுக் குஞ்சு இறங்கிய அன்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குக் கோபம்கூட வந்தது. கோபத்துக்கு அடியில் பயம்தான். இவள் இப்படியே இருந்துவிடுவாளோ என்ற பயம்.

நான் சொன்ன அந்த மத்தியானம் ஆடிக்காற்று பேயாக வீசியது. நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேற்குப் பக்கத்தில் காற்றுக்கு மறைப்பாகக் கட்டியிருந்த படுதாவின் கயிறு அறுந்துவிட்டது. படுதா படார் படாரென்று அடித்தது. கோழிகள் மொத்தமாக எழுந்தன. நான் ஒரு மடத்தனம் செய்தேன். தடுக்கிறேன் என்று ஓடினேன். அவ்வளவுதான், எல்லாம் தீவன அறையை ஒட்டிய மூலைக்குப் பாய்ந்தன.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஓரடி வைத்தாலும் இன்னும் நெருக்கும், சும்மா நின்றாலும் அடியில் இருப்பது சாகும். பாக்கெட்டிலிருந்து போனை மெதுவாக எடுத்து அவளை அழைத்தேன்.

"தனா, படுதா அறுந்துபோச்சு. மூலையில குமியுது."

"நீங்க ஓடுனீங்களா?"

"ஓடிட்டேன்."

"என்னால ஆகாதுங்க. நான் வந்தா அத்தனையும் செத்துரும்."

"தனா, எனக்குப் பயமா இருக்குது."

அழைப்பு அறுந்துவிட்டது. வரமாட்டாள் என்றே நினைத்தேன். மூலையில் மேடு ஏறிக்கொண்டே இருந்தது. அடியிலிருந்து வந்த கீச்சுச் சத்தம் தேய்வது எனக்கே கேட்டது.

தீவன அறைப் பக்கத்துச் சின்னக் கதவு, சத்தமே இல்லாமல், ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. உள்ளே வந்தது நான்தானோ என்று ஒரு கணம் திகைத்தேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த, நான் செட்டுக்குள் போடுகிற சாம்பல் நிறச் சட்டை, என் காக்கி லுங்கி, தலைக்கு என் துண்டு. இந்தக் கோழிகள் குஞ்சாக வந்து இறங்கியதிலிருந்து பார்த்த ஒரே ஆள் நான்தான். அதை யோசித்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்!

அவள் முகம் வெளுத்திருந்தது. கதவுக்கட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி ஓடிவிடுவாள் என்று எனக்குப் பக்கென்றது. ஓடவில்லை. சுவரோரமாக இஞ்சு இஞ்சாக நகர்ந்து, குமிந்து கிடந்த மூலைக்குள்ளேயே போய்க் குந்தினாள். "பா... பா..." என்று அடித்தொண்டையில் முனகிக்கொண்டு, மேலே கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் விட்டாள். எடுத்த இடத்தில் தன் முழங்காலை வைத்து அடைத்துக்கொண்டாள்.

"படுதாவைப் புடிங்க. மெதுவா, திரும்பாம பின்பக்கமாவே நடங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

பின்பக்கமாகவே நடந்து படுதாவைப் பிடித்துக் கட்டினேன். சத்தம் நின்றது. மேடு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, கோழிகள் கலைந்து தண்ணீர்ப் பக்கம் போக ஆரம்பித்தன.

அடியில் கிடந்தவற்றில் சில எழவில்லை. அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் பயந்தது அந்த நேரத்துக்குத்தான். இதைப் பார்த்துவிட்டு மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் தலையிலிருந்த துண்டை இழுத்து வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. தை மாதத்திலிருந்து சேர்த்து வைத்த அழுகை மொத்தமும் வந்தது, ஆனால் ஒரு சத்தம் வெளியே வரவில்லை. சத்தம் வந்தால் கோழி மிரளும்.

நான் மெல்ல ஓரடி எடுத்து வைத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். துண்டை எடுத்து மறுபடி தலையில் சுற்றிக்கொண்டாள்.

"நீங்க போங்க. இதுக எல்லாம் படுக்கற வரைக்கும் நான் இருந்துட்டு வாரேன்."