கைப்பிடி இல்லாத விண்கலம்

அண்ணன் வீட்டுக்குப் புதுச் சமையலறை வந்தபோதே தன் விண்கலத்துக்கு ஆபத்து என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் தொலைக்காட்சித் தொடரின் இயக்குநர். அவள் அரங்கம் அமைப்பவள். இதுவரை அவள் செய்ததெல்லாம் "குழு" என்ற பெயரில்தான் போயிற்று. தொடருக்காக அவள் அமைத்த இந்த விண்கல அரங்குக்குத்தான் முதல் முறையாக அவள் பெயரைத் தனியாகப் போடுவதாகப் பேச்சு. காலங்காலமாகச் சரக்கு சுமந்து களைத்த கலம் என்பது கதை. அதனால் குமிழ், நெம்புகோல், பெயிண்ட் உரிந்த கைப்பிடி என்று பார்த்துப் பார்த்து இழைத்திருந்தாள்.

காய்ச்சலில் படுத்து எழுந்து வந்து பார்த்தால், உள்ளே எல்லாம் வெள்ளை. வழவழவென்று, பிடிக்க ஒன்றுமில்லாத அலமாரிக் கதவுகள்.

"என்னண்ணா இது?"

"எதிர்காலம்மா. கார், ஃபோன், ஃபிரிட்ஜ்... இப்ப எதுல குமிழ் இருக்கு சொல்லு?"

"இது எதிர்காலம் இல்ல. அண்ணியோட அடுப்படி."

பக்கத்தில் நின்ற அரங்கத் தச்சர் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்.

"நீ மட்டும் வானத்துலேர்ந்தா எடுத்த? அப்பாவோட ரேடியோவைத்தானே பெருசாக்கி வெச்சிருந்த?"

சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் கோபம் இரட்டிப்பாயிற்று.

"ஆமா. அதைத் திருகினா பாட்டாவது வரும். இதுல நடிக்கிறவங்க கையை எங்க வைப்பாங்க?"

"நீ போய் உக்காரும்மா. ஷாட் ரெடி."

விண்கற்கள் மோதிக் கலம் குலுங்கும் காட்சி. வெளியிலிருந்து நாலு பேர் மேடையை ஆட்டினார்கள். விமானியாக நடித்த பெண் பிடிக்க எதுவும் கிடைக்காமல் சுவரில் சாய்ந்தாள். தள்ளினால் திறக்கும் கதவு, டக்கென்று திறந்துகொண்டது. பதறி எதிர்ப்பக்கம் விழுந்தாள். அங்கேயும் ஒன்று திறந்து நெற்றியைப் பதம் பார்த்தது. கூட்டமே சிரித்தது. அந்தப் பெண் நெற்றியைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் தங்கையின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பழைய கைப்பிடி எல்லாம்..."

"நீங்கதான் குப்பை வண்டியில ஏத்திட்டீங்களாமே."

"மறுபடி செஞ்சு குடும்மா. உன் பேரை இன்னும் பெருசா போடறேன்."

"செஞ்சு தரேன். அந்தப் பொண்ணு மண்டை உடையக் கூடாது, அதுக்காக. பேர் வேண்டாம். அரங்க அமைப்புன்னு அண்ணி பேரைப் போட்டுக்குங்க."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் டிரில்லிங் மெஷினை முடுக்கி, பளபளத்த முதல் கதவின் நட்டநடுவில் இறக்கினாள். அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை.