கோனியம் 200

“சூடம் வேணாம்,” என்றார் அண்ணாதுரை.

பண்டாரம் செல்லக்கண்ணுவின் கை தாம்பாளத்தின் மேல் அப்படியே நின்றது. ஹாலில் யாரோ விசும்பிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்தது. நடுவில் பெட்டிக்குள் ரஞ்சிதம் படுத்திருந்தாள். நெற்றியில் அகலமான குங்குமம். அரக்குப் பட்டுச்சேலையைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டிருந்தார்கள்.

“சூடம் இல்லாம எப்படிங்கய்யா?”

“வாசம் ஏறிடும். ஸ்டோர் ரூம் பூரா மருந்து இருக்கு. இந்த வீட்டுக்குள்ள சூடம் கொளுத்துறதே இல்ல. சாம்பிராணிகூட வாசலுக்கு வெளியிலதான்.”

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த யாமினி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலேயே முகச்சவரம் செய்திருந்தார். வெள்ளைச் சட்டையின் கைகள் இரண்டும் ஒரே அளவுக்கு மடிக்கப்பட்டிருந்தன. குரலில் கோபமோ அழுகையோ இல்லை. பஸ் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தபோது எந்தக் குரலில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவாரோ அதே குரல்.

“உள்ள ஒரு தடவையாவது காட்டணுங்கய்யா. சுமங்கலியாப் போறாங்க,” என்றார் செல்லக்கண்ணு, தயங்கித் தயங்கி.

அண்ணாதுரை கொஞ்சம் யோசித்தார். “அப்ப மருந்தை எடுத்துருவோம். யாமினி, பக்கத்து வீட்டு மர்யம்கிட்ட கேளு. அவங்க பெட்ரூம்ல வைக்கலாம். சென்ட்டு கிண்ட்டு இருந்தா முதல்ல வெளிய எடுத்துரச் சொல்லு.”

“இப்பவாப்பா?”

“பண்டாரம் காத்துக்கிட்டு இருக்காருல்ல?”

வெங்கட் எழுந்து வந்து, “நான் எடுக்குறேன் மாமா,” என்றான். யாமினியின் கணவன். அண்ணாதுரை கையை உயர்த்தித் தடுத்தார். “உங்களுக்கு ஆர்டர் தெரியாது. ஆஃப்டர்ஷேவ் வேற போட்ருக்கீங்க.”

புக்கிட் மேராவின் அந்தப் பழைய அடுக்குமாடி வீட்டில் சமையலறையை ஒட்டி இருந்தது ஸ்டோர் ரூம். கதவைத் திறந்ததும் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியது. மூன்று பக்கமும் இரும்பு ராக்குகள். அவற்றில் வரிசையாகச் சப்பாத்துப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் தாள் ஒட்டி, அட்டையால் தடுப்பு வைத்து, விரல் உயரக் கண்ணாடிப் புட்டிகளை ஆங்கில எழுத்து வரிசைப்படி நிறுத்தியிருந்தார். ஒரே மருந்தில் முப்பது வீரியம் முன்னால், இருநூறு பின்னால், அதைவிட வீரியமானது அதற்கும் பின்னால். எல்லாப் புட்டியிலும் ஒன்றுபோலவே வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள். எது எது என்று சொல்ல லேபிள்கள் மட்டும்தான். அவற்றில் அம்மாவின் கையெழுத்து.

சிராங்கூன் சாலையில் ஒரு ஹோமியோபதி வைத்தியர் கொடுத்த உருண்டையில் அண்ணாதுரையின் காலில் இருந்த படை ஒருமுறை மறைந்தது. அன்றிலிருந்து ஆரம்பித்தது இது. புத்தகங்கள் வாங்கினார், புட்டிகள் வாங்கினார். புளோக்கில் இருப்பவர்கள் சளி என்றும் மூட்டுவலி என்றும் வந்தார்கள். காசு வாங்க மாட்டார். “டாக்டர் இருக்காரா?” என்று அவர்கள் வாசலில் கேட்கும்போது மட்டும் அவர் முகத்தில் ஒன்று மலரும். பட்டறையில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மருந்துக்கு வாசனை ஆகாது. அதனால் அந்த வீட்டில் காப்பி இல்லை. இறால் பெலாச்சான் வறுக்கக் கூடாது. தலைவலி என்றாலும் தைலம் தடவக் கூடாது. டெட்டாலும் கிடையாது. எந்த வாசமும் இல்லாத வீடு அது. போன தீபாவளிக்கு வந்து, யாமினி அம்மாவைக் கட்டிப்பிடித்தபோது அங்கே ஒரு வாசம் இருந்தது.

“என்னம்மா, குப்பை கட்டி வச்சிருக்கீங்களா? மீன் அழுகின மாதிரி நாறுது?”

“கோழி எலும்பு கெடக்கும்டி,” என்று சிரித்தாள் ரஞ்சிதம். சிரித்தபடியே ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அந்த ஒரு அடியில்தான் யாமினிக்குப் புரிந்தது. அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தி, அம்மாவின் கவுனைத் தானே அவிழ்த்தாள். இடது மார்பில் பழைய துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தது. துண்டு சீழில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது வந்த நெடியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் அம்மாவுக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். “ஒரு மாசம் இருக்கும்,” என்றாள் ரஞ்சிதம். “ரெண்டு வருஷமா என்னோட ட்ரீட்மென்ட்ல இருக்கு,” என்றார் அண்ணாதுரை, நிமிர்ந்து உட்கார்ந்து. அதற்குள் புற்று எலும்பு வரைக்கும் போயிருந்தது.

இப்போது யாமினி அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்தாள். ஹாலைக் கடக்கும்போது பெண்கள் முழங்காலை ஒடுக்கி வழி விட்டார்கள். “குலுக்காம போ. மூடி மேல கை வைக்காத,” என்று பின்னாலிருந்து அண்ணாதுரை சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவின் பெட்டியைத் தூக்க வருகிறவர்களிடம்கூட இவர் இவ்வளவு சொல்ல மாட்டார் என்று நினைத்தாள். புட்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. பற்களை யாரோ குலுக்குவதுபோல் அவளுக்குக் கூசியது.

மர்யம் தன் படுக்கையறைக் கட்டிலை ஒழித்துக் கொடுத்தாள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் முப்பது வருஷம் போல வாழ்ந்தவள். கடைசிப் பெட்டியை வைத்ததும் யாமினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“பெத்த பொண்ணை இதைச் சுமக்க வைக்கிறாரு ஆன்ட்டி. அம்மா அங்க கெடக்குறாங்க.”

மர்யம் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஒண்ணு சொல்லவா யாமினி? இன்னிக்குச் சொல்லலாமான்னு தெரியல. எனக்கும் நெஞ்சுல வச்சிருக்க முடியல.”

“சொல்லுங்க.”

“நாலஞ்சு வருஷம் முன்னால டாய்லெட்டெல்லாம் இடிச்சுப் புதுசா கட்டிக் குடுத்தாங்கல்ல, எல்லா வீட்டுக்கும்? அப்ப சுவரை ஒடைக்கிற அதிர்வுல ஸ்டோர் ரூம் ராக்கு சாஞ்சிருச்சு. அண்ணன் வீட்டுல இல்ல. ரஞ்சிதம் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டா. தரை பூரா கண்ணாடியும் உருண்டையும். எது எந்தப் பாட்டிலோடதுன்னே தெரியல.”

“அப்புறம்?”

“எல்லாத்தையும் கூட்டிக் குப்பையில போட்டோம். அண்ணன் வெறும் சக்கரை உருண்டை டின் டின்னா வச்சிருப்பாருல்ல, மருந்து ஏத்தாதது? காலி பாட்டிலும் நெறைய இருந்துச்சு. உங்கம்மா உக்காந்து எல்லாத்துலயும் அதையே ரொப்பி லேபிள் எழுதி ஒட்டிட்டா. ‘தெரிஞ்சா மனுஷன் ஒடஞ்சு போயிருவாரு, சொல்லிராத’ன்னா. நானும் சொல்லல.”

யாமினி கட்டிலில் வரிசையாக இருந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

“அப்ப அம்மாவுக்குத் தெரியும்.”

மர்யம் திறந்த பெட்டியை மூடி வைத்தாள்.

“தெரிஞ்சே ரெண்டு வருஷம் வெறும் சக்கரையை நாக்குல வச்சிக்கிட்டு இருந்தாங்களா? ஏன் ஆன்ட்டி?”

“ஆஸ்பத்திரின்னா அவளுக்கு அப்படி ஒரு பயம். கத்தி வச்சுருவாங்கம்பா. மருந்து சாப்பிடுறேன்னு சொல்லிட்டா யாரும் இழுத்துக்கிட்டுப் போக மாட்டாங்கல்ல? எங்கிட்டயும் கட்டியைக் காட்டல யாமினி, சத்தியமா.”

இத்தனை நாளும் யாமினிக்கு ஒரு ஆளை வெறுத்தால் போதுமானதாக இருந்தது. எழுந்து வீட்டுக்குப் போனபோது பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. தைத்து மூடிய அந்த உதடுகளைப் பார்த்தால் எதையாவது கத்திவிடுவோம் என்று பயமாக இருந்தது.

சூடம் எரிந்தது. பெண்கள் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். யாமினி தன் முறைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்.

பெட்டியை மூட ஆட்கள் வருவதற்குள் தண்ணீர் குடிக்கலாமென்று சமையலறைக்குப் போனபோது, அங்கே கண்மணி சித்தி அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதத்தின் ஒரே தங்கை.

“இப்பக் கேக்கக் கூடாதுதான் அத்தான். வீட்டுல முடிஞ்சிருச்சு. அப்புறம் எப்ப வருவேனோ.”

“என்ன முடிஞ்சிருச்சு சித்தி?” என்றாள் யாமினி.

கண்மணி முந்தானையைச் சரிசெய்தாள். “மருந்துதான் லா. இங்க அக்குள்கிட்ட சின்னதா ஒரு கட்டி. வலியெல்லாம் இல்ல. அத்தான்தான் பாக்குறாரு.”

“அக்காவுக்கு இருந்த அதே கேஸ்தான்,” என்றார் அண்ணாதுரை. “ஆனா இவ ஆரம்பத்துலயே வந்துட்டா. உங்கம்மாவுக்கும் கரைஞ்சுக்கிட்டுதான் வந்துச்சு. ஆஸ்பத்திரியில ஊசியால குத்திக் கெளப்பி விட்டுட்டாங்க. யாமினி, மர்யம் வீட்டுல சி பெட்டியில கோனியம் இருநூறு இருக்கும். எடுத்துட்டு வா.”

யாமினி நின்ற இடத்திலேயே நின்றாள். அக்கா பெட்டிக்குள் கிடக்கும்போது தங்கைக்கு அதே புட்டி.

“அது கோனியம் இல்லப்பா. வெறும் சக்கரை.”

“என்ன?”

“டாய்லெட் இடிச்சப்ப ராக்கு விழுந்துருச்சு. மருந்தெல்லாம் குப்பையில போயிருச்சு. அம்மா எல்லா பாட்டில்லயும் உங்க டின்ல இருந்த வெறும் உருண்டையை ரொப்பி வச்சிருக்காங்க. மர்யம் ஆன்ட்டி கூட இருந்தாங்க, போய்க் கேளுங்க. இத்தனை வருஷமா நீங்க குடுத்தது எல்லாமே வெறும் சக்கரை. அம்மாவுக்குக் குடுத்ததும்.”

சொல்லிவிட்டு அவர் உடைவதற்காகக் காத்திருந்தாள். அது வேண்டும் என்றுதான் சொன்னாள்.

அண்ணாதுரை குழாயடியில் இருந்த துணியை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

“எல்லா பாட்டிலும் ஒடஞ்சுதா? பழைய பாட்டில் சிலது தப்பிச்சிருக்கும்ல?”

“அப்பா…”

“ஒரு பழைய உருண்டை அடியில ஒட்டிக்கிட்டு இருந்தாப் போதும்மா. புதுசு பூராவும் மருந்தாயிரும். புத்தகத்துலயே இருக்கு. இன்னும் சொல்லப்போனா பவர் கூடும்.” ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் கண்கள் அப்போதுதான் முதல்முறையாகக் கலங்கின. “பாரேன், தெரியாமலேயே எவ்வளவு சரியாப் பண்ணிருக்கா.”

யாமினி சிங்க்கை நோக்கிக் குனிந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் மஞ்சளாகக் கசப்பு மட்டும் வந்தது. மறுபடியும் வந்தது. கண்மணி ஓடிவந்து இடது கையாலேயே அவள் முதுகைத் தடவினாள், இடது கையாலேயே குழாயைத் திறந்தாள், அதே கையை நீட்டி அவள் கூந்தலை ஒதுக்கினாள். வலது கை உடம்போடு ஒட்டியே இருந்தது.

யாமினி வாயைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“சித்தி, அந்தக் கையைத் தூக்குங்க.”

“எதுக்கு?”

“தூக்குங்க.”

கண்மணியின் கை தோள் வரைக்கும் வந்து நின்றது. முகம் சுளித்தது. “இதுக்கு மேல வரல யாமினி. படுத்த வாக்குல இருக்கும்.”

யாமினி ரவிக்கைக்கு மேலாகவே விரலை வைத்துப் பார்த்தாள். சின்னதாக இல்லை. சுண்டைக்காயைப்போல உருளவும் இல்லை. கல்லைப் பதித்து வைத்ததுபோல் அங்கேயே நின்றது.

“நாளைக்குக் காலையில நாம பாலிகிளினிக் போறோம்.”

“நாளைக்கு அக்கா சாம்பல் எடுக்கணும்.”

“சாம்பலை அப்பா எடுப்பாரு.”

கண்மணி அத்தானைப் பார்த்தாள். அண்ணாதுரை, “பயாப்ஸிங்கிற பேருல குத்துவாங்க. அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனார். பெட்டியை மூட ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மண்டாய் தகனச்சாலையில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பெட்டி தானாக நகர்ந்து போனது. கண்மணி மட்டும் அக்கா அக்கா என்று கத்தினாள். யாமினிக்குக் கண்ணீர் வரவில்லை.

திரும்பி வந்து குளித்ததும் அண்ணாதுரை தலையைத் துவட்டாமலேயே மர்யம் வீட்டுக் கதவைத் தட்டினார். “நாளைக்கு எடுத்துக்கலாமே அண்ணே,” என்று மர்யம் சொன்னதை அவர் கேட்கவில்லை. சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, புகை போய்விட்டதா என்று மோந்து பார்த்து, பெட்டிகளை அவரே சுமந்துவந்து அடுக்கினார். யாமினி தன் பையை எடுக்க வந்தபோது, ஸ்டோர் ரூமில் முக்காலி போட்டு ஒரு புட்டியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் கை வேர்வையில லேபிள் வந்துருச்சு. காலி. கே வரிசை. காலி கார்ப்ங்கிற மருந்து.” பேனாவை நீட்டினார். “உங்கம்மாதான் எழுதுவா. எனக்குக் கை ஆடும்.”

“என்னால முடியாதுப்பா.”

அவர் வற்புறுத்தவில்லை. புட்டியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு தானே எழுதினார். முதல் எழுத்தே சாய்ந்து கோட்டுக்கு வெளியே போனது. அந்தத் தாளைக் கசக்கிவிட்டு வேறு தாளில் எழுதினார். அதுவும் கோணியது. ஈரத் தலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து மையைக் கரைத்தது. யாமினி வாசல் நிலையில் சாய்ந்து, தனக்கு இரக்கம் வரும் என்று சற்று நேரம் நின்றாள். வரவில்லை. வெங்கட் கீழே காரை எடுத்துவிட்டதாக அழைத்தான். போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நல்ல மழை. பாலிகிளினிக்கில் கூட்டம் நிறைய. கண்மணி ஒவ்வொரு முறை மணி ஒலிக்கும்போதும் திரையைப் பார்த்துவிட்டுச் சீட்டைப் பார்த்தாள்.

“சாம்பல் எடுத்துருப்பாங்களா?”

“எடுத்துருப்பாங்க சித்தி.”

“என் மகன்கிட்ட இன்னும் சொல்லல.”

“பாத்துட்டுச் சொல்லலாம்.”

எண் வந்தது. கண்மணி எழுந்தாள். கைப்பையை யாமினியின் மடியில் வைத்தாள். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் அவள் கையிலேயே கொடுத்தாள். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினாள்.

“இங்கயே இருப்பல்ல?”

“இருப்பேன்.”

கதவு சாத்திக்கொண்டது. மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் சின்னக் குளமாகத் தேங்கியது. துப்புரவு செய்யும் அம்மாள் வந்து, ‘வழுக்கும்’ என்று எழுதிய மஞ்சள் பலகை ஒன்றை விரித்துப் பக்கத்தில் நிறுத்தினாள். யாமினி காலை நகர்த்தி அதற்கு இடம் விட்டாள்.