பானெட்டின் மேல் மூன்று கீறல்

1

இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எரிச்சல். கொட்டுகிற மழையில், சிரம்பான் ரயில் நிலையம் வரை காரில் கொண்டுபோய் விட முடியுமா என்று எங்கள் தெமியாங் வட்டாரத்துப் பாத்திரக்கடைச் சேவுகனிடம் கேட்டேன். "கார் நனைஞ்சிரும் லா," என்றார். நான் நனைந்தேன். போகிற வழியிலேயே அவரைப் பிடித்துக் கதையில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் வரி: 'பளபளக்கும் கறுப்புக் காரின் மேல் அந்தி வெயில்...'

வேண்டாம். அந்தக் கார் எங்கே வெயிலைப் பார்த்தது? கராஜுக்குள் மெத்தென்று ஒரு துணி, அதற்கு மேல் தார்ப்பாய் என்று போர்த்திக்கொண்டு, காய்ச்சல்காரன்போல நிற்கிறது. அவர் மனைவி ஆவுடையம்மை கோயிலுக்கும் சந்தைக்கும் பஸ்ஸில் போகிறாள்.

2

இப்படிப் பொத்திவைத்த காரின் பானெட்டில், ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று கீறல். வரிசையாக.

அடுத்த வீட்டு ராயப்பன், ரப்பர் ஆலையில் ஓய்வு பெற்றவர். அவருடைய பூனை தெருவில் எல்லா வீட்டையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மண்டோர், அதாவது கங்காணி, என்று பெயர். சேவுகன் வேலியோரம் போய் நின்றார்.

"ஒங்க பூனதான் ராயப்பன். துணிக்குள்ள பூந்து பிராண்டியிருக்கு."

"செட்டியாரே, பூன சூடான பானெட்டுலதான் ஏறும். ஒங்க காரு என்னைக்கு ஓடுச்சு, என்னைக்கு சூடாச்சு?"

சேவுகனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒண்ணு பூன இருக்கணும், இல்ல நம்ம பழக்கம் இருக்கணும்."

(இந்த இடத்தில் ராயப்பனின் மனைவி பமீலாவைச் சாகடித்து, பூனை அவள் ஆசையாக வளர்த்தது என்று எழுதியிருந்தேன். நீங்கள் அழுவீர்கள் என்று கணக்கு. எனக்கே கூச்சமாகி விலையைக் குறைத்துவிட்டேன். பமீலா உயிரோடுதான் இருக்கிறாள்; மகளின் பிரசவத்துக்காகக் கோலாலம்பூர் போயிருக்கிறாள். இதற்கு மேல் கட்டாது. இப்போது அந்த வீட்டில் ராயப்பன் பேசுவதற்குப் பூனையைத் தவிர ஆளில்லை.)

3

ஆவுடையம்மை கீறலைப் பார்த்தாள். கணவனையும் பார்த்தாள்.

"ஏங்க, கையக் குடுங்க."

அவருடைய நடு மூன்று விரல்களையும் பிடித்துக் கீறல்கள் மேல் வைத்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தின.*

"போயி ராயப்பண்ணன்கிட்ட உண்மையச் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லவில்லை. கடையில் முதலில் சொன்ன விலையிலிருந்து அவராக இறங்கிப் பழக்கமில்லை; எதிராளி இறங்கட்டும் என்று இருப்பார். எதிராளி இறங்கியும் வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ராயப்பன் ஒரு மூடிய கூடையோடு வந்து நின்றார். உள்ளே மண்டோர் கத்திக்கொண்டிருந்தது.

"சுவா பக்கம் ரப்பர் தோட்டத்துல எங்கக்கா பெட்ரிசியா இருக்குல்ல, அங்க விட்டுர்றேன். மோட்டார் சைக்கிள்ல வெச்சா இவன் குதிச்சிருவான். ஒங்க கார எடுங்க."

"என் காரா! அந்த ரோடு பூரா செம்மண்ணு லா!"

"பூன வேணாம்னது யாரு லா? நானா?"

'அப்போது சேவுகனின் மனசாட்சி விழித்து...' அடித்துவிட்டேன். விழித்தது மனசாட்சி இல்லை, செம்மண். உண்மையைச் சொன்னால் மானம் போகும். மறைத்தால் பெயின்ட் போகும்.

* சேவுகன் வெள்ளிதோறும் பானெட்டில் விபூதிப் பட்டை போடுவார், கண்ணேறு படாமல் இருக்க. போன வாரத்து விபூதியை உலர்ந்த துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, தூசியோடு தூசியாக மூன்று விரலால் புதிதாக இழுப்பார். தண்ணீர் பட்டால் திட்டுத்திட்டாகக் கறை விழுமாம்.

4

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். சேவுகன் பெருந்தன்மையாக, "பரவால்ல, பூன இருக்கட்டும். நான் மன்னிச்சுட்டேன்," என்கிறார். மானமும் மிச்சம், பெயின்ட்டும் மிச்சம். நல்ல வியாபாரம். அவர் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து ஆவுடையம்மை விபூதித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை.

அவள் துணியை உருவிப் போட்டாள்.

"வெள்ளிக்கெழம. பூசிட்டுக் கெளம்புங்க."

"ஆச்சி, கீறல் எங்க? நான் இன்னும் சரியா பாக்கவே இல்ல," என்று ராயப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பானெட் பக்கம் குனிந்தார்.

சேவுகன் மூன்று விரல்களையும் விபூதியில் தோய்த்துவிட்டார். கை பானெட்டுக்கு மேல் நிற்கிறது. வாய்

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. மழையில் நனைந்த சட்டை எனக்கு இன்னும் காயவில்லை. இவருக்கு நல்ல முடிவு தேட எனக்கு மனசில்லை, கெட்ட முடிவு தரப் பூனை விடவில்லை. வாயைத் திறக்கவைப்பதோ, விரலை இறக்கவைப்பதோ, நீங்கள் பாருங்கள். என்னிடம் பேரம் வேண்டாம்.

சீக்கிரம் ஆகட்டும். ஆவுடையம்மை எவ்வளவு நேரம்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?