மரத்துக்கு வந்த மெஷின்

பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், புயலன்று யூக்கலிப்டஸ் காடு மண்ணோடும் வேரோடும் பெயர்ந்து, தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசி லயத்தின்மேல் சரிந்தது. ஜெயந்தினியின் தங்கை நிலக்ஷி மண்ணுக்குள் போய்விட்டாள்.

சனங்கள் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டிப் பார்த்தார்கள். மண் தோண்டும் மெஷின் கேட்டபோது, "பாதை உடைஞ்சிருக்கு, மேல ஏறாது" என்றார் தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதுரை. ஜெயந்தினி அதை நம்பினாள்.

அடுத்த வாரம் அதே பாதையில் மெஷின் ஏறி வந்தது. பின்னால் மரம் ஏற்ற லொறிகள்.

ஜெயந்தினி ஓடிப்போய் மெஷினை மறித்து நின்றாள். பின்னால் வந்த ஜீப்பிலிருந்து சின்னதுரை இறங்கி வந்தார்.

"தள்ளுங்கம்மா. விழுந்த மரம், கெடந்தா உளுத்துப் போயிரும்."

"என் தங்கச்சி கெடந்தா உளுத்துப் போகமாட்டாளா?"

அவர் முகம் சுருங்கியது. "இயற்கை செஞ்சதுக்கு நாங்க என்ன பண்றது?"

"இயற்கையா? போன வருசம் ஓரத்து மரத்தையெல்லாம் வெட்டி வித்து, காத்துக்கு வழி தொறந்து விட்டது யாருங்க? இப்ப நிக்கிற மரத்துலயும் எதுக்குச் செவப்புக் குறி போட்டிருக்கீங்க?"

மெஷின் ஓட்டியவன் நோர்வூட்டிலிருந்து வந்த துஷாந்த். எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இங்க ஆள் பொதஞ்சிருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலியே, சேர்."

"ஒனக்குச் சொன்ன வேலையப் பாரு."

துஷாந்த் எஞ்சினை முடுக்கி, மெஷினை லயத்துப் பக்கம் திருப்பினான். சின்னதுரை கத்திக்கொண்டே போனை எடுத்தார். லயத்துப் பெண்கள் அவருக்கும் மெஷினுக்கும் நடுவே போய் நின்றார்கள். பொழுது சாயுமுன், நசுங்கிய கூரைத் தகரத்துக்குக் கீழே நிலக்ஷி கிடைத்தாள். ஜெயந்தினி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தங்கையின் முகத்து மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

துஷாந்துக்கு வேலை போனது. வேறொருவன் வந்து விழுந்த மரங்களை ஏற்றினான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் குறி போட்ட மரத்தில் அறுப்பு வாள் வைக்க ஆட்கள் வந்தபோது, கொழுந்து பறிக்கப் போகாமல் லயத்துச் சனம் மொத்தமும் சரிவில் ஏறி நின்றது. பொலிஸ் வந்து மிரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன.

காரியத்தன்று சின்னதுரை துக்கம் கேட்க வந்தார். யாரோ நாற்காலி எடுத்து வந்தார்கள்.

"உள்ள கொண்டுபோய் வைங்க அத," என்றாள் ஜெயந்தினி. "அவரு நிக்கட்டும்."