யாரும் பார்க்காதீங்க

அலுவலகத்தில் அவனுக்கு ரீஸ்டார்ட்டு என்று பட்டப்பெயர். எந்தக் கோளாறுக்கும் "ஒரு தடவை அணைச்சுப் போடுங்க" என்பதுதான் அவன் முதல் மருந்து. பத்தில் எட்டு தடவை பலித்தும் விடும். மீதி இரண்டில் ஒன்று இன்றைக்கு வந்து வாய்த்தது.

ஆயிரத்து இருநூறு சர்வர்களை ஒரே வலைப்பக்கத்திலிருந்து மேய்ப்பது அவன் வேலை. பன்னிரண்டு மணிக்குள் அத்தனைக்கும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் போயாக வேண்டும். 'அனுப்பு' என்ற பொத்தானை அமுக்கினால் போதும். பொத்தான் இருக்கிற பக்கம்தான் வருவேனா என்றது. ஒரு சக்கரம் ஒரு நிமிடம் சுற்றும். பிறகு '504' என்று காட்டும். கேட்டேன், பதில் வரவில்லை, எனக்குப் பொறுமை போய்விட்டது என்று அர்த்தம்.

அதே பன்னிரண்டு மணிக்கு, பித்தப்பைக் கல்லை எடுத்த அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். சேர்த்த அன்று "இதோ வந்துட்டேன்" என்று சொல்லி மூன்று மணி நேரம் கழித்துப் போனவன் அவன். அதற்குள் அம்மாவே படிவத்தில் கையெழுத்துப் போட்டு, தானே நடந்து உள்ளே போயிருந்தாள். "இந்தத் தடவையும் சொதப்பினே, உனக்கு அக்கானு ஒருத்தி இல்லேன்னு நினைச்சுக்கோ" என்று காலையிலேயே அக்கா எச்சரித்திருந்தாள்.

பத்தே முக்காலுக்கு அம்மா அழைத்தாள். "கிளம்பிட்டியாடா?"

"இன்னும் இல்லம்மா."

ஐந்து நிமிடத்தில் மறுபடி. "கிளம்பிட்டியா?"

"அம்மா, நீ கேக்கக் கேக்க எனக்கு வேலை ஓட மாட்டேங்குது. இனிமே நீ கூப்பிடாதே. நானே கூப்பிடறேன்."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள். அதற்கு அவள் திட்டியே இருக்கலாம்.

சர்வர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் குத்துக்கல் மாதிரி இருந்தன. பக்கத்தை நடத்தும் நிரலை அணைத்துப் போட்டான். இரண்டு விநாடி எழுந்து உட்கார்ந்துவிட்டு, பொத்தான் தெரிவதற்குள் மறுபடி படுத்துக்கொண்டது.

"ஆச்சா ரீஸ்டார்ட்டு?" என்று மேனேஜர் வந்தார்.

"அஞ்சு நிமிஷம் சார்."

மேனேஜர் தங்கமான மனிதர். சும்மா இருக்க மட்டும் தெரியாது. உதவுவதாக நினைத்து மாடி முழுவதற்கும் ஒரு செய்தி தட்டினார்: எல்லோரும் பக்கத்தைத் திறந்து வைத்திருங்கள், வந்ததும் சொல்லுங்கள்.

அத்தோடு பக்கம் அந்த இரண்டு விநாடியும் எழுந்திருக்கவில்லை. யார் யார் கேட்கிறார்கள் என்று பதிவைத் திறந்தான். வரிகள் அடைமழையாய்க் கொட்டின. அப்போதுதான் உறைத்தது. ஒருவர் பக்கத்தைத் திறந்தாலே அது ஆயிரத்து இருநூறு சர்வர்களிடமும் போய் "நல்லா இருக்கியா?" என்று கேட்டு வரும், பத்து விநாடி கழித்து மறுபடி போகும். திறந்து வைத்திருப்பவர்கள் நாற்பத்து மூன்று பேர். நலம் விசாரித்தே நோயாளியைக் கொல்லும் கூட்டம்.

நாற்காலிமேல் ஏறிக் கத்தினான். "எல்லாரும் மூடுங்க! யாரும் பார்க்காதீங்க!"

"அவர் பாருங்கறாரு, நீ பார்க்காதேங்கற. எனக்குச் சம்பளம் யாரு குடுக்கறது?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"தாயே, மூடு!"

நாற்பத்து மூன்று ஒன்பதாகி, மூன்றாகி, ஒன்றாகியது. அந்த ஒன்று மட்டும் அசரவில்லை. விநாடிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருந்தது. முகவரியைப் பார்த்தான். கீழே வரவேற்பறையில் இதே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் டிவி. வருகிறவர்கள் பச்சைப் புள்ளிகளைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று போன வருஷம் மாட்டியது. "கொஞ்சம் துடிப்பா இருக்கட்டுமே" என்று மேனேஜர் சொல்ல, நல்ல பெயர் வாங்கும் ஆசையில் பத்து விநாடியை ஒன்றாக்கிய புண்ணியவான் வேறு யாருமில்லை, அவனேதான். அப்போது சர்வர்கள் இருநூறு. ஆயிரத்து இருநூறானது போன வாரம்தான். சொந்தக் காசில் சூனியம்.

மணி பதினொன்று ஐம்பது. படியில் இறங்கிக்கொண்டே அம்மாவை அழைத்தான். எடுக்கவில்லை. அடுத்த படிக்கட்டில் மறுபடி. எடுக்கவில்லை. தரைத்தளம் வருவதற்குள் ஐந்து தடவை.

வரவேற்பறையில் ஒரு போன் அடித்துக்கொண்டிருந்தது. டிவிக்கு நேர் கீழே, காலடியில் ஆஸ்பத்திரிப் பையோடு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"போன் பைக்குள்ள அடியில கிடக்கு. குனிஞ்சா தையல் இழுக்குது" என்றாள்.

"நீ எப்பம்மா வந்தே?"

"பதினொண்ணே காலுக்கு, ஆட்டோவுல. சீக்கிரமே விட்டுட்டாங்க. கையெழுத்தா? நானே போட்டுட்டேன், பழகிடுச்சு. கேட்டாத்தானே உனக்கு வேலை ஓடாது? கேக்காம உக்காந்திருக்கேன்."

எட்டி டிவியின் பிளக்கைப் பிடுங்கினான். அரை நிமிடத்தில் மேனேஜரின் அழைப்பு வந்தது. "வந்துடுச்சு! பொத்தான் தெரியுது!"

"அமுக்குங்க சார். ஒரே தடவை. அப்புறம் மூடிடுங்க."

"போச்சானு பார்க்க வேண்டாமா?"

"அம்மாவை வீட்டுல விட்டுட்டு வந்து நான் பார்க்கறேன். அதுவரைக்கும் யாரும் கேக்காதீங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவைக் கைத்தாங்கலாக டாக்ஸியில் ஏற்றினான். முதல் திருப்பத்தில், "வலிக்குதாம்மா?" என்றான்.

"இல்லே."

சிக்னலில், "வலிக்குதா?"

"இல்லேப்பா."

ஒரு மேட்டில் வண்டி குலுங்கியது. "இப்ப?"

"நீ கேக்கக் கேக்கத்தான்டா வலிக்குது" என்றாள் அம்மா, அவன் கையை விடாமல்.