ஆறாவது குரோமோசோமில் எழுந்த மலை

வறட்சியைத் தாங்கும் ஜீன் ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது என்று கணினி காட்டிய அன்று, புரொபசர் ஒஸ்தோயா தன் மாணவி ஸ்லாவென்காவைக் கட்டிக்கொண்டு கூத்தாடிவிட்டார். நோவி சாத் நகரம் முழுக்க அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

வெள்ளை மக்காச்சோளத்துக்கும் மஞ்சள் மக்காச்சோளத்துக்கும் பிறந்த இருநூறு வாரிசுகள். வெயிலில் எது எவ்வளவு விளைந்தது, எதில் எந்தத் துண்டு தாயுடையது, எது தகப்பனுடையது என்று ஒப்பிட்டுக்கொண்டே போனால், விளைச்சலோடு ஒட்டி வரும் இடத்தில் வரைபடக் கோடு மலைபோல் எழும். எண்களை ஆயிரம் முறை கலைத்துப் போட்டும் அந்த உயரம் தற்செயலாக வரவில்லை. கலைத்துப் போட்டால் அதிர்ஷ்டம்தான் அம்பலமாகும், வயலில் நடந்த கோளாறு அம்பலமாகுமா?

முனைவர் பட்டத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில்தான் அவளுக்கு உறைத்தது. மணியின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஜீனும் அதே இடத்தில்தான் இருந்தது. மஞ்சள் மகரந்தம் பட்டு வெள்ளை மணி கெட்டுவிடக் கூடாது என்று, வெள்ளை வகைகளை மட்டும் தனியாக, வாய்க்கால் ஓரம் விதைத்தவள் அவளே. வாய்க்கால் கசிந்து, வெள்ளைக்கு மட்டும் தண்ணீர் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு செடியும் வாய்க்காலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கணக்கில் சேர்த்தாள். மலை தரைமட்டம்.

"சார், இது வறட்சி ஜீன் இல்ல. வெறும் நிறம். திருட்டுத்தனமா தண்ணி குடிச்ச சோளத்தைத் தலைல தூக்கி வச்சு ஆடிட்டு இருக்கோம்."

"விதைச்சது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப மாட்டுறதும் நீதானேம்மா? பேசாம அந்தத் தூரக் கணக்கைத் தூக்கிரு. பட்டத்தை வாங்கிட்டு எங்கயாவது போயிரு, இந்தச் சோளத்தைத் திரும்பியே பாக்காத."

ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும், விடுதலை என்று நினைத்துத் தூக்கிவிட்டாள்.

தேர்வாளர்கள் சூத்திரங்களைக் குடைந்தார்களே தவிர, எது எங்கே முளைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாராவது கேட்டுத் தொலைக்க மாட்டார்களா என்று ஏங்கினாள். ஒவ்வொருவரும் வாயைத் திறந்தபோது, கேட்டுவிடுவார்களோ என்று பயந்தாள். பட்டம் கிடைத்தது.

வழக்கப்படி அவள் செலவில் பரப்பியிருந்த பன்றித்தொடைத் துண்டுகளையும் பாலாடைக்கட்டியையும் எல்லோரும் மொய்த்தபோது, ஒஸ்தோயா ராக்கியா என்ற பழச்சாராயக் கோப்பையை உயர்த்தினார்.

"அமைச்சகம் சரின்னுருச்சு! அஞ்சு வருஷத் திட்டம். அந்த மலைக்கு அடியில இருக்கற ஜீனை நம்ம ஸ்லாவென்காவே தோண்டி எடுக்கப்போறா!"

கைதட்டினார்கள். அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. மனிதர் நிஜமாகவே நம்பத் தொடங்கிவிட்டிருந்தார்.

"எப்பம்மா ஆரம்பிக்கறே?" என்றார் தேர்வாளர் ஒருவர், வாய் நிறைய இறைச்சியோடு.

இல்லாததை ஐந்து வருஷம் எப்படித் தோண்டுவது என்று அலற வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"திங்கக்கிழமை சார்" என்றாள்.