சாய்ந்த கடுகும் எனிட்டின் துப்பாக்கியும்

ஜூன் கடைசியில் அடித்த காற்றுமழை எங்கள் எண்ணெய்க் கடுகு வயலின் நடுவே ஒரு பெரிய களம் அளவுக்குப் பயிரைப் படுக்கப் போட்டுவிட்டது. மற்ற இடமெல்லாம் தோளுயரம், காய் முற்றி நெருக்கமாக நின்றது. நிற்கிற பயிரில் காட்டுப் புறாவால் உட்கார முடியாது. சாய்ந்த பயிர் அதற்குப் பந்தி விரித்த மாதிரி. மறுநாளே இருநூறு, முந்நூறு என்று இறங்கிவிட்டன. ஓரத்துச் செடிகளையும் மிதித்து மடக்கி, அந்தப் பள்ளத்தை நாளுக்கு நாள் பெரிதாக்கின.

நான் டிராக்டரிலிருந்து விழுந்து வலது காலில் மாவுக்கட்டோடு கிடந்தேன். அரை மணிக்கொரு தரம் தானாக வெடிக்கும் வேட்டு யந்திரம் ஒன்றை என் மனைவி எனிட் வயலில் கொண்டுபோய் வைத்தாள். மூன்றாம் நாள் அதன் தலையிலேயே ஒரு புறா உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

எங்கள் வட்டாரத்தில் புறா சுடுவதில் பேர் வாங்கியவன் ஆர்ச்சி மம்பி. வெள்ளிக்கிழமை மதுக்கடையில் எனிட் அவனைக் கூப்பிட்டு, வந்து சுட்டுத் தருவாயா என்று கேட்டாள். பீர் கோப்பையைக் கீழே வைக்காமலே அவன் சிரித்தான்.

"இவ்ளோ உசரப் பயிர்லயா? சுட்டது விழுந்தா எங்க போய்த் தேடுவ? அறுப்பு முடியட்டும் எனிட். தாளடில நானே வந்து சுட்டுத் தரேன்."

"அறுப்பு முடிஞ்சப்பறம் நீ எதைக் காப்பாத்தப் போற, தாளையா?" என்றாள்.

கடையே சிரித்தது. கட்டுக் காலோடு அங்கே உட்கார்ந்திருந்த நானும் ஆர்ச்சி பக்கம்தான் பேசினேன்.

எனிட்டிடம் துப்பாக்கியும் உரிமமும் உண்டு. முயலைத் தவிர எதையும் சுட்டதில்லை. மறுநாள் காலை வைக்கோல் கட்டுகளை டிராக்டர் தடத்தின் வழியே இழுத்துப்போய், சாய்ந்த பயிரின் ஓரத்தில் அடுக்கி, மேலே பச்சை வலை போட்டு மறைவிடம் கட்டினாள். நிஜப் புறாக்களை ஈர்க்க, பத்து பொம்மைப் புறாக்களைத் தரையில் வைத்தாள். சாயங்காலம் திரும்பியபோது கையில் நான்கே புறா. முகத்தில் வெயில் சிவப்பு.

"வாய் திறந்தேன்னா இன்னொரு காலையும் உடைச்சிடுவேன்" என்றாள். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இரவெல்லாம் அதையே யோசித்திருக்கிறாள். காலையில் எழுந்ததும், "தரையில இருக்கறது அதுங்க கண்ணுக்கே தெரியல. சுத்தி நிக்கற பயிர் மறைச்சிடுது" என்றாள். தோட்டத்து மூங்கில் குச்சிகளை எல்லாம் உருவினாள், என் தக்காளிக்கு முட்டுக் கொடுத்தவை உட்பட. பொம்மைகளைக் குச்சி நுனியில் செருகி, காய்களுக்கு மேலே தலை தெரியும்படி நட்டாள். காற்றில் அவை ஆடியபோது நிஜமாகவே புறாக்கள் இறங்குவது போலிருந்தது. என்னையும் நாற்சக்கர பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார வைத்தாள். தோட்டா எடுத்துக் கொடுப்பது என் வேலை. விழுந்ததை எடுத்து வருவது பிப் என்ற எங்கள் நாயின் வேலை.

சாய்ந்த இடத்துக்கு நேர்மேலே வரும் புறாவை மட்டுமே சுட்டாள். நிற்கும் பயிருக்குள் விழுந்தால் கிடைக்காது என்று எத்தனையோ சுலபமான பறவைகளை விட்டுவிட்டாள். மதியத்துக்குள் நாற்பத்தொன்று. இதைச் செய்ய முடியாது என்று நானும் சொன்னேனே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் தடத்தின் வழியே ஹெனிங் வந்தார். நாங்கள் பயிரிடும் நிலம் பக்கத்து எஸ்டேட்டுக்குச் சொந்தம். குத்தகையைக் கவனிக்கும் ஏஜென்ட் அவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. எனிட் துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை வெளியே எடுத்தாள்.

"மிஸஸ் டாஸ்வெல், இதை உடனே நிறுத்தணும். பக்கத்துத் தோப்புல வேட்டைக்காக ஃபெசன்ட் கோழிக் குஞ்சு விட்டிருக்கோம். சத்தத்துக்கு மிரண்டு ஓடுது."

"அக்டோபர்ல உங்க விருந்தாளிங்க வந்து அதே குஞ்சைச் சுடுவாங்களே, அப்ப மிரளாதா?"

"அது வேற விஷயம்."

"குத்தகைப் பத்திரம் பதினோராம் பக்கம். பயிரைத் தின்ன வர்றதைச் சுட எனக்கு உரிமை இருக்கு. நேத்து ராத்திரிதான் படிச்சேன்."

ஹெனிங் என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க."

"நான் தோட்டா எடுத்துக் குடுக்கறவன் சார்" என்றேன்.

அவர் காது சிவந்தது. "செப்டம்பர் கடைசில, மைக்கேல்மஸ் பண்டிகைக்குக் குத்தகை புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

"இந்த மிரட்டலை எழுதிக் குடுங்க. வாங்கிக்கறேன்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தடத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். அந்த வெள்ளைச் சட்டை கண்ணில் படுகிறவரை ஒரு புறாகூட வராது, அவளால் சுட முடியாது என்பது அவர் கணக்கு. உண்மைதான். வந்த கூட்டமெல்லாம் தூரத்திலேயே திரும்பிப் போனது.

எனிட் டப்பாவைத் திறந்து முட்டை சாண்ட்விச்சில் எனக்குப் பாதி கொடுத்தாள். சாவகாசமாகச் சாப்பிட்டாள். பிப் போய் ஹெனிங்கின் நிழலில் படுத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

"ரொம்ப நன்றி மிஸ்டர் ஹெனிங்" என்று கூப்பிட்டுச் சொன்னாள். "ஒரு புறா இறங்கல. ஒரு காய் போகல. எனக்குத் தோட்டாச் செலவும் இல்ல. நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. வயல் முழுக்கப் பார்வையை ஓட்டினார். பிறகு டையைத் தளர்த்திக்கொண்டு நடந்தார். பயிருக்கு மேலே அவர் தலை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அது வேலியைத் தாண்டியதும் எனிட் தோட்டாவுக்குக் கை நீட்டினாள். சாயங்காலத்துக்குள் தொண்ணூற்று மூன்று.

அறுவடை வரை விடாமல் போனாள். ஐந்தாம் நாள் ஆர்ச்சி மம்பியும் தன் துப்பாக்கியோடு வந்து, எங்கே உட்காரலாம் என்று கேட்டான். சாய்ந்த இடத்தின் நடுவில் கொஞ்சம் போனதைத் தவிர, மிச்சப் பயிர் முழுசாக அறுவடை இயந்திரத்துக்குள் போனது.

செப்டம்பர் கடைசியில் எஸ்டேட் அலுவலகத்தில் ஹெனிங் புதுப் பத்திரத்தை மேசையில் நகர்த்தினார். எப்போதும் பத்து வருடம். இந்தத் தடவை மூன்று. கெஞ்சிக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். மேசைக்கடியில் எனிட் என் நல்ல காலை மிதித்தாள்.

அவள் பத்திரத்தைக் கடைசிவரை படித்தாள். பேனாவை எடுத்தவள் பதினோராம் பக்கத்தைப் புரட்டி, புறாவைச் சுடும் உரிமை விதைப்பு முதல் அறுப்பு வரை, எந்த நாளும் என்று ஓரத்தில் தன் கையெழுத்தில் எழுதினாள். அவர் முன்னால் திருப்பி வைத்தாள்.

"நீங்க முதல்ல கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா அடுத்த வருஷமும் புறா விரட்ட நீங்கதான் வந்து நிக்கணும்" என்றாள்.

ஹெனிங் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.